கேட்டாலும் தரக்கூடாது

வேம்பு இதை யாரிடமும் சொல்லமாட்டார். அது அவர் வேலையின் விதி. எனக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எல்லாக் கெடுதலும் நடந்தது, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் துரைராசு. பெயரைக் கேட்டால் பெரிய மிராசு என்று தோன்றும். கையில் இருப்பது ஆறு ஏக்கர், ஒரு போர்செட், மூக்குக்கு மேல் கோபம். கோபம் மட்டும் அப்பா விட்டுப்போன அளவில் குறையாமல் இருந்தது.

எங்கள் தாலுக்கா ஆஸ்பத்திரியில் ஊசி போடும் இடத்தைத் தாண்டினால் ஒரு சின்ன அறை வரும். வாசலில் 'மனநல ஆலோசனை' என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு கொடுக்கும் இடம். மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழுமாக வந்து நின்று திரும்பிப் போனவர்கள் உண்டாம். அந்த அறையில் வாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பவர்தான் வேம்பு. நாற்பதை நெருங்கும் வயது, கைத்தறிச் சேலை, உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். நாம் பேசும்போது அவர் மணி பார்ப்பது நமக்குத் தெரியக்கூடாது என்று அப்படிக் கட்டுகிறார் என்பதை நான் நாலாவது தடவைதான் கண்டுபிடித்தேன்.

அவர் யார் வீட்டுப் பெண் என்பதில்தான் எனக்குச் சிக்கல் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்பா காலத்தில் ஊரில் பாதி எங்கள் நிலம். கீழத்தெரு ஆட்கள் எங்கள் வயலில்தான் வேலை செய்தார்கள். பிறகு சங்கம் வந்தது, கொடி வந்தது. கூலி நெல்லுக்காகச் சண்டை வந்து, அறுக்க ஆள் இல்லாமல் ஒரு வருடம் நெல் வயலிலேயே கொட்டியது. உச்சவரம்புச் சட்டத்தில் நிலத்தின் பெரும்பகுதி கையைவிட்டுப் போயிற்று. அதில் ஒரு ஏக்கர், எங்களிடம் வேலை செய்துகொண்டிருந்த ரெத்தினத்துக்குப் பட்டாவானது. ரெத்தினத்தின் மனைவி அம்சவல்லி.

அந்தக் காலத்தில் பண்ணை வீட்டில் சாவு என்றால் கீழத்தெருப் பெண்கள் வந்து, வாசலுக்கு வெளியே வட்டமாக நின்று மாரடித்து அழவேண்டும். செத்தவரை அவர்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யாரும் கேட்பதில்லை. நடவு நடுவது, களை எடுப்பது போல அதுவும் ஒரு வேலை. எழுபத்தெட்டில் எங்கள் அப்பா இறந்தார். எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகி ஆறு மாதம். அழுவதற்கு வரச்சொல்லிக் கீழத்தெருவுக்கு நான்தான் ஆள் அனுப்பினேன். பெண்கள் வரவில்லை, அம்சவல்லி மட்டும் வந்தார். வயிற்றில் பிள்ளை. எங்கள் வாசலுக்கு எதிரே நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க தெரு பொம்பளைங்க வரமாட்டாங்க. கூப்பிட்டு விடாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார், அவ்வளவுதான். அப்பா சத்தமில்லாமல் சுடுகாட்டுக்குப் போனார். ஊரே பார்த்தது. அன்றைக்கு நான் அழவில்லை, அவமானத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம் நான் கீழத்தெருவில் கால் வைத்ததில்லை. அம்சவல்லியோடு பேசியதும் இல்லை. அவர்கள் ஏக்கரும் என் வயலும் அடுத்தடுத்து, இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். மடை திறக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திறப்போம். அன்று அந்த அம்மா வயிற்றில் இருந்த பிள்ளைதான் வேம்பு.

இனி என் மனைவி பிரகதாம்பாளைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தெட்டு வருடம் என் கோபத்தோடு குடித்தனம் நடத்தியவள். நான் கத்தினால் பதில் பேசாமல் இலையைப் போட்டுச் சோற்றை வைத்துவிடுவாள். வாய் நிறையச் சோறு இருக்கும்போது எப்படிக் கத்துவது? 2016 ஐப்பசியில் போய்விட்டாள். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லை, சம்பா நாற்றங்காலிலேயே கருகிவிட்டது. காவிரித் தண்ணீர் கேட்டு ரயில் மறியல் நடந்தது. நானும் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். போலீஸ் எங்களைப் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தது. சாயங்காலம் விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அவள் இல்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மீதி ஒன்று இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் சாவுக்கு வெளியூரிலிருந்து மைக் செட்டோடு ஒப்பாரி பாடும் கோஷ்டியை வரவழைத்தேன். வீம்புதான், வேறென்ன. அப்பாதான் சத்தமில்லாமல் போனார், இவளாவது சத்தத்தோடு போகட்டும் என்று. அவர்கள் வீட்டு விவரம் எதுவும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டார்கள். 'மூணு சிங்கத்தைப் பெத்த மகராசியே' என்று நாலு தெருவுக்கும் கேட்கப் பாடினார்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள் சாவித்திரி. அவள் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த மூன்று சிங்கங்களையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் நான் அழவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "எங்க வீட்லயும் இப்படித்தாங்க" என்று அவரவர் கதையைச் சொன்னார்கள். நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். பிறகு வருவதும் நின்றது. வயலுக்குப் போவதை விட்டேன். பகல் சாப்பாட்டை விட்டேன். தைப்பொங்கல் வந்து போயிற்று. துக்க வீடு என்பதால் பானை ஏறவில்லை. பானை ஏறியிருந்தாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.

வைகாசியில் சாவித்திரி லீவுக்கு வந்தாள். கும்பகோணத்தில் பள்ளிக்கூட டீச்சர். மாட்டுக் கொட்டகையில் எதையோ தேடப்போனவள், பழைய சாக்குக்கு அடியில் ஒரு பூச்சி மருந்து டப்பாவைப் பார்த்துவிட்டாள். உடைக்காத புது டப்பா. அந்த வருடம் எங்கள் வயலில் பயிரே இல்லை. பயிர் இல்லாதவனுக்குப் பூச்சி மருந்து எதற்கு என்று ஒரு டீச்சருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கத்தவில்லை. டப்பாவைத் துணியில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவைக் கூப்பிட்டாள். "முழங்கால் வலின்னீங்களே, வாங்கப்பா" என்றாள். அவள் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து நானும் ஏறினேன்.

அந்த அறையில் ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. சாவித்திரி முதலில் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"நீ அம்சவல்லி மக தானே?" என்றேன்.

"ஆமா சார். நானே மொதல்ல அதைச் சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா தஞ்சாவூர்ல இன்னொருத்தர் இருக்காங்க. எழுதித் தர்றேன். நான் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டேன்."

தஞ்சாவூருக்குப் போனால் அம்சவல்லி மகளைப் பார்த்துப் பயந்து ஓடினேன் என்று ஆகிவிடாதா? "எனக்கென்ன சங்கடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வீம்பு எனக்கு நல்லது செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் விதியைச் சொன்னார். நான் பேசுவது அந்த அறையைத் தாண்டாது. ஒன்றே ஒன்று விலக்கு. என் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் டாக்டரிடமும் மகளிடமும் சொல்லுவார், அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்லுவார். பிறகு, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார்.

"செத்துப் போயிடணும்னு தோணுதா சார்?"

ஏழு மாதமாக எல்லாரும் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன். அவர் அவசரப்படவில்லை. போலியோ சொட்டு மருந்து வரைக்கும் படித்துவிட்டு "ஆமா" என்றேன்.

சொன்னதும் பயங்கரமாகத் தாகம் எடுத்தது. அவர் தன் பாட்டிலை நீட்டினார். முழுவதையும் குடித்தேன். கீழத்தெருப் பெண்ணின் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அப்பா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தாகம் எடுத்ததே இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வைத்தார். மாத்திரை எழுதினார்கள். அடுத்து வேம்பு டப்பா விஷயத்துக்கு வந்தார்.

"மக தூக்கிப் போட்டுடலாம்னு சொல்றாங்க. போட்டுடலாம். ஆனா கடை பஸ் ஸ்டாண்டுலயே இருக்கு, நீங்க இன்னொண்ணு வாங்கிடுவீங்க. அதனால வேற மாதிரி கேக்கறேன். நீங்களா ஒருத்தர்கிட்ட இதைக் குடுத்து வைக்கணும். நீங்க திருப்பிக் கேட்டாலும் தரக்கூடாது. அப்படி யாரு சார் இருக்காங்க உங்களுக்கு?"

யோசித்தேன். சாவித்திரி என்றால் அழுது மயக்கம் போட்டுவிடுவாள். எங்கள் பண்ணையாள் ஐயாவு, நான் ஒரு அதட்டுப் போட்டால் டப்பாவைத் திறந்தே கொடுத்துவிடுவான். பங்காளிகள் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாங்கியே வைப்பார்கள். அறுபத்தொரு வயதில் யோசித்துப் பார்க்கிறேன், என் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொன்னவர் ஒரே ஒரு ஆள்தான்.

"உங்க அம்மா" என்றேன். 'உன்' என்று ஆரம்பித்த வாய் எப்படி 'உங்க' என்று முடித்தது என்று எனக்கே தெரியாது.

வேம்பு முகம் ஒரு நொடி மாறிற்று. பேனாவை மூடி வைத்தார். "இதை நான் எதிர்பார்க்கலை சார்" என்று நேராகச் சொன்னார். டாக்டர் அறைக்குப் போய் அவரிடம் கேட்டுவிட்டு வந்தார். "எங்கம்மாங்கறதை ஒதுக்கி வச்சுட்டுப் பாத்தா சரியான ஆள்தான். ஆனா நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நீங்கதான் போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் டப்பா உங்க மககிட்ட இருக்கட்டும்."

மறுநாள் காலை கீழத்தெருவுக்குப் போனேன். சாவித்திரி மதகடியில் நின்றுகொண்டாள். அவள் கொடுத்த டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நான் உள்ளே நடந்தேன். எனக்குத் தெரிந்த கூரை வீடுகளில் ஒன்றுகூட இல்லை. வரிசையாகக் காங்கிரீட் வீடுகள், வாசலில் பைக்குகள். எந்த வீடு என்று கேட்டுத்தான் போகவேண்டியிருந்தது. அம்சவல்லி வாசலில் உட்கார்ந்து கெண்டை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தார். உள்ளே அரசாங்க டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

"வாங்க தம்பி. அந்த சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க."

கீழத்தெருவில் யாரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவர் வாயில் அது பொருத்தமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். பையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். நினைத்ததைவிடச் சுருக்கமாக முடிந்துவிட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பையை வாங்கினார். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நான் கேட்டாலும் தரக்கூடாதுன்னு உங்க மக சொல்லியிருக்கு" என்றேன்.

"அவ சொல்லாட்டியும் தரமாட்டேன்" என்றார் அம்சவல்லி.

உள்ளே ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் வைத்துப் பூட்டினார். பெட்டியின் மேல்மட்டத்தில் பிளாஸ்டிக் கவரில் ஒரு பழைய காகிதம் தெரிந்தது. எங்கள் அப்பாவின் நிலத்தில் போன அந்த ஒரு ஏக்கரின் பட்டா.

அதற்குப் பிறகு வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி. பேச்சால் என்ன ஆகப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறுவேன். வேம்பு புத்திமதி சொல்லமாட்டார். எல்லாம் விதி என்று சொல்லமாட்டார். வேலை கொடுப்பார். இந்த வாரம் தினமும் காலையில் வரப்பு வரை போய்விட்டு வரணும் என்பார். பயிர் இல்லாத வயலில் என்ன பார்ப்பது என்றால், "என்ன இருக்கோ அதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். கோரையும் அருகும் மண்டியிருக்கிறது என்று போய்ச் சொல்வேன். வயல் தெரிந்தவர் என்பதால் அவரிடம் அதைச் சொல்லமுடிந்தது. நாலாவது வாரம் கோரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சகிக்காமல் மண்வெட்டியை எடுத்துப் போனேன்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மத்தியானம் ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். பசிக்கவில்லை என்றேன். "எந்த நாள்லேருந்து பசிக்கலை?" என்றார். அதில் மாட்டிக்கொண்டேன்.

மறியலன்று மேடையில் தலைவர் பேசுகிறார் என்று போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். பதினொரு மணிக்குள் பிரகதாம்பாள் மூன்று தடவை அடித்திருக்கிறாள். ஒன்றரை மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் பார்த்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கத்தான் அடித்திருப்பாள், சாப்பிட்டுவிட்டே பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் மோர் மிளகாய் வாங்கிக்கொண்டேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். பன்னிரண்டு மணிக்கே உயிர் போயிருந்ததாம். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே செத்திருக்கிறாள், நான் மோர் மிளகாய் கடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லி முடித்தேன். வேம்பு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. 'உங்க மேல தப்பில்லை சார்' என்று சொல்வார், உடனே எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தேன்.

"போனைச் சத்தமில்லாம வச்சிருந்தது உண்மை" என்றார். "அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். எடுத்திருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு நீங்களே தீர்ப்பு எழுதி, அதை நீங்களே நிறைவேத்தவும் கிளம்பிட்டீங்க. அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா சார்?"

எங்கள் அப்பா ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர். வாய்தா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். "எவ்வளவு நாளைக்கு?" என்றேன். "அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு வாய்தா. இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சோறு கொஞ்சம் இறங்க ஆரம்பித்தது. நல்லாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த வருடம் அக்டோபரில் மேட்டூர் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்தபோது ஊரே கரையில் நின்றது. பெண்கள் பூவும் மஞ்சளும் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதில் முதல் ஆளாக நிற்பவள் பிரகதாம்பாள். தண்ணீர் கேட்டு உட்காரப்போய்த்தான் அவளை விட்டேன், இப்போது தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கீழத்தெருவுக்கு நடந்தேன்.

"என் பையைக் குடுங்க" என்றேன்.

அம்சவல்லி என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுபத்தெட்டில் பார்த்த அதே பார்வை. "தரமாட்டேன்" என்றார்.

எனக்கு அப்பாவின் குரல் வந்துவிட்டது. அது என் பொருள், என் காசில் வாங்கியது, கொடுக்கமாட்டேன் என்று சொல்ல நீ யார் என்று கத்தினேன். பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"நெலமும் உங்க அப்பா காசுல வாங்கினதுதான் தம்பி. அதையும் தரலை" என்றார்.

எங்கிருந்தோ எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக வராத சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. அந்த சேரிலேயே விழுந்து சிரித்தேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் அடங்கும் வரை பொறுத்திருந்து பேசினார்.

"உங்க அப்பா காரியம் முடிஞ்ச மறுவாரம் ஆத்துல உங்க வீட்டம்மாவைப் பாத்தேன். புதுப்பொண்ணு. திட்டப் போகுதுன்னு நினைச்சேன். 'நான் செத்தாலும் கூப்பிட்டு வராதீங்கக்கா, உங்களுக்கா வரணும்னு தோணினா வாங்க'ன்னு சொல்லிட்டு, குடத்தைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. போன வருசம் எனக்கா தோணுச்சு தம்பி. வந்தேன். மதகு வரைக்கும் வந்தேன். மைக்ல எவனோ மூணு சிங்கம்னு பாடிக்கிட்டிருந்தான். அது யாரோ செத்த மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன்."

பிரகதாம்பாள் என்னிடம் இதை முப்பத்தெட்டு வருடமும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அவள் இலையைப் போட்டிருப்பாள்.

"கூப்பிட்டா வரமாட்டோம்னுதான் அன்னிக்குச் சொன்னோம். அழமாட்டோம்னு சொல்லலை" என்றார் அம்சவல்லி. சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து வழிந்தது. மாரில் அடிக்கவில்லை, ராகம் இழுக்கவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பிரகதாம்பாளுக்காக அழுதார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். கீழத்தெருவே பார்த்தது. வெட்கமாக இல்லை. அன்று மத்தியானம் அவர் வீட்டில் மீன் குழம்பு. தட்டு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதுதான் இன்னொன்றைச் சொன்னார். வேம்பு ஹாஸ்டலில் தங்கிப் படித்து, சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலைக்குப் போனவர். அங்கேதான் இந்தத் தொழிலைக் கற்றார். அங்கே ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்த நாளில்தான் இங்கே ரெத்தினம் இறந்திருக்கிறார். வேலை நேரத்தில் போனை அணைத்து வைப்பது வேம்புவின் வழக்கம். பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

என் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. மூன்று தடவை அடித்த போனைப் பற்றி நான் சொன்னபோது வேம்பு வெகுநேரம் பேசாமல் இருந்தாரே, அது இதுதான். எனக்கும் அப்படித்தான் சார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் தங்கள் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் ஒருவர்தான் தன்னுடையதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அதை நினைத்து அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் வேம்புவிடம் சொன்னேன், அவர் அப்பா விஷயம் தெரியும் என்பதைத் தவிர. அவரும் அன்றுதான் முதன்முதலாக அதையெல்லாம் கேட்கிறார். அம்சவல்லி ஐந்து மாதமாகத் தன் மகளிடம்கூட டப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"என்னைவிட எங்கம்மா இந்த வேலைக்கு லாயக்கு போலிருக்கு" என்றார் வேம்பு. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "தீர்ப்பு என்ன சார் ஆச்சு?"

"தள்ளுபடி பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றேன்.

அந்த வருடம் பிந்திப்போய்த்தான் நடவு முடிந்தது. விளைச்சல் சுமார்தான். ஆனால் மாசியில் அறுத்தேன். வாரம் ஒருநாள் என்பது மாதம் ஒருநாள் ஆயிற்று, பிறகு டாக்டர் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார். கடைசி நாளில் வேம்பு எழுந்து வாசல் வரை வந்தார். "இனிமே அவசியம்னா வாங்க சார். சும்மா வர்றதுன்னா அம்மாவைப் பாக்க வாங்க" என்றார். இன்றைக்கும் அந்த அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அறுவடை முடிந்ததும் கீழத்தெருவுக்குப் போனேன். புது அரிசி ஒரு பை கொண்டுபோனேன். எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, அந்த டப்பாவைக் கொடுங்கள், வேளாண்மை ஆபீசில் ஒப்படைத்து அழித்துவிடலாம் என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அம்சவல்லி அரிசியை வாங்கிக்கொண்டார். "தரமாட்டேன்" என்றார்.

"அழிக்கத்தாங்கக்கா கேக்கறேன்."

"அழிக்கணும்னா நானும் வேம்புவும் போய் ஒப்படைச்சுக்கறோம். கேட்டாலும் தரக்கூடாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க. உங்க கையில தர்றதா இல்லை."

அப்படியே செய்தார்கள். டிரங்குப் பெட்டியில் இப்போது பட்டா மட்டும்தான் இருக்கிறது. அதையும் நான் இனிமேல் கேட்கப்போவதில்லை.